வீட்டு வேலை கேள்வி–பதில்: நிலக்கீழ் அறையில் எந்த வேலை முதலில்?

கேள்வி: காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. அதில் ஓர் அறையின் தரை ஒழுங்கை மட்டத்துக்கு 4 அடி கீழே. அறை 12 அடிக்கு 14 அடி, ஒரு சின்ன யன்னல், ஒழுங்கைப் பக்கச் சுவர் கபுக் கல் (செம்பூராங்கல்). இதுவரை சாமான் அறையாக இருந்ததை மகள்மார் இருவரும் படிக்கும் அறையாக மாற்ற விரும்புகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தச் சுவரில் 3 அடி வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். இப்போது தை மாதம், சுவர் காய்ந்துதான் இருக்கிறது. உடனே பூசி டைல் பதித்துவிடலாம் என்கிறார் மேசன் பாஸ். வயரிங் முடியாமல் பூசக்கூடாது என்கிறார் எலக்ட்ரீசியன். டைல் கடையில் இந்த மாதம் முடிவதற்குள் வாங்கினால் விலைக்கழிவு என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: மூவரும் தத்தம் வேலையை வைத்துச் சொல்கிறார்கள். அந்த 3 அடி ஓதம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நிலக்கீழ் அறையில் வேலை வரிசையைத் தீர்மானிப்பது அந்தத் தண்ணீர்தான். எனவே டைல் கடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த அறைக்கு டைல் வாங்கவேண்டிய மாதம் ஆனி.

முதலில் செலவில்லாத சோதனைகள். ஒரு அடிச் சதுர அலுமினியத் தாளை, சுவரைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு ஓரமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரைக்கு ஒன்றரை அடிச் சதுர பொலித்தீன் துண்டை அதேபோல ஒட்டுங்கள். அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ கொங்கிறீட் கறுத்தாலோ தரையிலிருந்தும் ஈரம் ஏறுகிறது. மூன்றாவது, மேசன் பாஸிடம் இருக்கும் மட்டம் பார்க்கும் டியூப்பால் வெளி ஒழுங்கையின் மட்டத்தை அறைக்குள் சுவரில் பென்சிலால் கீறி வையுங்கள். கறை அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது, எந்த மூலையில் உயர்கிறது என்பது பல விடயங்களைச் சொல்லும். ஒரு மூலையில் மட்டும் உயர்ந்தால் அதற்கு நேர் மேலே பீலிக் குழாய் இறங்குகிறதா பாருங்கள். எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரையும் கவனியுங்கள். அப்போதும் முள் ஓடினால் மண்ணுக்குள் ஒரு பைப் கசிகிறது. அதைத் திருத்தினாலே பாதி ஓதம் போய்விடக்கூடும்.

தையும் மாசியும் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். இப்போது சுவர் காய்ந்திருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. வெளிப்பக்க மண்ணில் தோட்டக் குழாயால் 2, 3 மணி நேரம் தண்ணீர் விட்டு, உள்ளே எப்போது, எந்த இடத்தில் ஈரம் தோன்றுகிறது என்று பாருங்கள்.

அடுத்து உயரம். தரையில் 2 அங்குலச் சாந்து, டைலுக்கு முக்கால் அங்குலம், கீழிறக்கிய சீலிங்குக்கு 4 முதல் 6 அங்குலம் என்று போனால் ஏறக்குறைய 7 முதல் 9 அங்குலம் குறைந்துவிடும். சீலிங்கைத் தவிர்த்து மேல் தட்டுக்கு நேரே பெயின்ட் அடிப்பதையே நாங்கள் விரும்புவோம். உயரம் போதவில்லை என்று தரையைத் தோண்ட யாராவது சொன்னால், கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் ஒரு சட்டி மண்கூட எடுக்க விடாதீர்கள். பழைய கபுக் வீடுகளின் கருங்கல் அத்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது. அதன் அடிமட்டத்துக்குக் கீழே பக்கத்தில் மண் எடுத்தால் சுவர் இறங்கும். யன்னலைப் பெரிதாக்குவதும் இந்தக் கட்டத்துக்குரிய வேலை. பிள்ளைகள் மணிக்கணக்கில் இருக்கப்போகும் அறையில், தீப்பிடித்தால் கதவைத் தவிர வெளியேற இன்னொரு வழி வேண்டும். ஆள் ஏறி வெளியே போகக்கூடிய, உள்ளிருந்து திறக்கும் கம்பியுள்ள யன்னலாக அது இருக்கட்டும். சுவரை வெட்டுவதற்கு முன் மேலே லின்டல் (பாரம் தாங்கும் குறுக்குச் சட்டம்) போட வேண்டும், மாநகர சபையில் அனுமதியும் கேட்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வரும் விடயம் இது.

அதன் பிறகு உடைப்பு. ஓதக் கறை 3 அடி என்றால் பூச்சை 4 அடி வரை, கல் தெரியும்வரை உடைத்தெடுங்கள். இணைப்புகளில் உதிரும் சாந்தையும் அரை அங்குலம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். கழுவினால் அது கரைந்து திரும்பவும் கல்லுக்குள் போய்விடும். சீலிங்கில் பழைய அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீட்டாக இறக்குங்கள், முகக்கவசம் கட்டாயம். உடைத்த சுவரை 3, 4 கிழமையாவது அப்படியே காற்றாட விடுங்கள்.

சுவர் காயும் அந்த நாட்களில் வெளிவேலை நடக்கட்டும். பீலியைச் சுத்தம் செய்து, இறங்கு குழாயைச் சுவரிலிருந்து 6 அடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். உங்கள் காணிக்குள் வரும் பக்கத்தில் சுவரோரம் 3 அடி அகலத்துக்கு, வெளிப்புறம் ஒன்றரை அங்குலம் சரிவாக கொங்கிறீட் போடுங்கள். அங்கே சுவரின் வெளிமுகத்தையும் தோண்டிப் பூச முடிந்தால் மிகவும் நல்லது. ஆனால் ஒரே நாளில் முழு நீளத்தையும் திறக்காமல் 4, 5 அடித் துண்டுகளாகத் தோண்டி மூட வேண்டும். ஒழுங்கைப் பக்கம் உங்கள் நிலமல்ல. அங்கே வடிகான் அடைத்திருந்தால் மழை நேரத்துப் படத்துடன் மாநகர சபைக்கு எழுதுங்கள். அந்தச் சுவரை உள்ளிருந்துதான் கையாள வேண்டியிருக்கும்.

தண்ணீர் கசியாமல், ஊற்றாகவே வந்தால் பூச்சை நம்பவேண்டாம். 1 அடி உயரத்துக்கு நிற்கும் நிலத்தடி நீர் சதுர அடிக்கு 62 இறாத்தல் விசையுடன் தரையை மேலே தள்ளும். 4 அங்குலக் கொங்கிறீட் தரையின் எடையோ சதுர அடிக்கு 50 இறாத்தல்தான். தடிப்பாகச் சீமெந்து போட்டு அடைத்த தரைகள் அடுத்த மழைக்கு வெடிப்பது இதனால்தான். அந்த நிலையில் சுவரடியில் உட்புறமாக ஒரு காண் வெட்டி, துளையிட்ட 75 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப்பை வடிதுணி சுற்றி, முக்கால் அங்குல மெட்டலுக்குள் (உடைகல்) வைத்து, 100 அடிக்கு 1 அடி சரிவில் ஒரு குழிக்குக் கொண்டுவந்து பம்ப் பண்ண வேண்டும். அந்தக் காண்கூட அத்திவார அடிக்குக் கீழே போகக்கூடாது.

இனி மேசன் பாஸுக்கும் எலக்ட்ரீசியனுக்கும் உள்ள பிணக்கு. எலக்ட்ரீசியன் சொல்வது சரி, ஆனால் ஓதமில்லாத மூன்று சுவர்களுக்கு மட்டும். அவற்றில் காடி வெட்டிப் பைப் பதித்த பிறகே பூச்சு. ஓதச் சுவரில் ஒரு காடிகூட வெட்டக்கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சைக் கிழித்துக்கொண்டு போகும் ஒவ்வொரு காடியும் தண்ணீருக்கு வழி. அங்கே வெளிச்சம் வேண்டுமென்றால் பூச்சு எல்லாம் முடிந்தபின் மேலே ஒட்டும் டிரங்கிங்கில் (வயர் செல்லும் பிளாஸ்டிக் உறை) கொண்டுபோகலாம், திருகாணிக்குப் பதில் பசையால். மற்றச் சுவர்களிலும் வயர்கள் மேலிருந்து கீழே இறங்க வேண்டும், தரைக்குள்ளால் வரக்கூடாது. பிளக் பொயின்ட்களைத் தரையிலிருந்து 3 அடிக்கு மேல் வையுங்கள். 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் இல்லாமல் இந்த அறைக்கு மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். ஏசி போடும் எண்ணமிருந்தால் அதன் நீர் வடிகுழாய் எந்தச் சுவரால் வெளியேறும், தானாக வடியுமா, சின்ன பம்ப் வேண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்து பைப்பைப் பதித்துவிடுங்கள். பூசிய பிறகு நினைவு வந்தால் புதுச் சுவரைத்தான் துளைக்க வேண்டியிருக்கும்.

நீர்த்தடுப்பு: கபுக் கல் மென்மையானது, அதன் மேல் நேரே நீர்த்தடுப்புக் கலவையை அடித்தால் ஒரு வருடத்தில் தோலோடு கழன்றுவிடும். கல்லை நனைத்து, துருப்பிடிக்காத கோழிவலை அடித்து, நீர்த்தடுப்பு மருந்து சேர்த்த 1க்கு 3 (1 பங்கு சீமெந்து, 3 பங்கு மணல்) சீமெந்துச் சாந்தை அரை அங்குலம் பூசுங்கள். கழுவாத கடல் மணல் கலந்தால் உப்பை நாமே சுவருக்குள் வைத்த கதையாகும். மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் 2 அங்குலத்துக்கு வளைவாகச் சாந்து நிரப்ப வேண்டும். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். 7 நாள் நனைத்த பிறகு சீமெந்து வகை நீர்த்தடுப்புக் கலவை 2 பூச்சு, முதலாவது கிடையாக, இரண்டாவது நெடுக்காக. சுவரில் 4 அடி உயரம் வரையும், தரையில் முழுவதும்.

இங்கே வேலையை நிறுத்துங்கள். இது பங்குனி கடைசியாக இருக்கும். சித்திரை மாலை மழையும், வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழையும் வெறும் பூச்சின் மேலேயே சோதனை பண்ணட்டும். கறுக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த இடங்களைத் திரும்பப் பூசுங்கள். எல்லா வேலையிலும் இந்த 2 மாதக் காத்திருப்பைத்தான் ஆட்கள் முதலில் வெட்டுவார்கள். ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு மழையைக்கூடப் பார்க்காத சுவரில் டைல் பதித்தால், கசிவு தெரியவரும் நாளில் டைலையும் சேர்த்தே உடைக்க வேண்டிவரும்.

ஆனியில் மேல் பூச்சு, 1க்கு 4 சாந்து, 7 நாள் நனைப்பு. ஆடி, ஆவணியில் மழை சற்றுத் தணியும். புதுப் பூச்சு 4 கிழமை காயவேண்டும், அதற்குள் பிறைமர் அடித்தால் சுண்ணச் சத்து பெயின்டைத் தின்னும். மேல் தட்டுக்கும் சுவர்களுக்கும் முதல் பூச்சுப் பெயின்ட், பிறகு டைல், பிறகு ஸ்கேர்ட்டிங், டைல் மட்டம் தெரிந்தபின் கதவை அளந்து அறுத்தல், கடைசிப் பெயின்ட், விளக்கும் சுவிட்சும். எம்.டி.எஃப். அலுமாரியும் மரத்தரையும் இந்த அறைக்கு வேண்டாம். மேசைகளை ஓதச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

அறையில் பூஞ்சண வாசனை வந்தால் பகலில் யன்னலைத் திறந்துவிடச் சொல்வார்கள். கொழும்புக் காற்றுக்கு அது எப்போதும் பொருந்தாது. வெளியே 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் இருக்கும்போது, 26 பாகைக்குக் குறைந்த எந்தச் சுவரிலும் அந்தக் காற்று நீராகப் படியும். மண்ணோடு ஒட்டிய சுவர், அதுவும் ஏசி ஓடும் அறையில், எளிதாக அதற்குக் கீழே போய்விடும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்து 60 வீதத்துக்குள் வைத்திருந்தால் புத்தகங்களும் தப்பும். அதற்கும் ஒரு வடிகுழாய் இருந்தால் தினமும் வாளி ஊற்றத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் கீழ் அறையில் டைல், பட்டி, பெயின்ட் எல்லாம் முடித்து 3 மாதம்தான். சுவரின் அடியில் பெயின்ட் கொப்புளம் போடுகிறது. சில டைல்களைத் தட்டினால் வெற்றுச் சத்தம். எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா? பெயின்ட் கடையில் எனாமல் அடித்தால் சரியாகும் என்கிறார்கள்.
— தெஹிவளை வாசகர்

பதில்: எனாமல் வேண்டாம். ஈரம் வெளியேறும் வாயை அடைத்தால் அது சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறி, எனாமல் முடியும் இடத்தில் வெளியே வரும். பலகை அடித்து மறைப்பதும் அப்படித்தான். பின்னால் பூஞ்சணமும் கறையானும் சேரும்.

முழுவதும் உடைக்கத் தேவையில்லை. மேலே வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்ன தாள் சோதனையைச் செய்து, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருவதை முதலில் உறுதிப்படுத்துங்கள். வெளிப்பக்கக் காரணத்தைத் திருத்துங்கள். அதன்பின் கொப்புளம் நிற்கும் உயரத்துக்கு ஒரு அடி மேல் வரை பட்டியையும் பூச்சையும் எடுத்து, சுவரோர டைல் ஒரு வரிசையை மட்டும் கழற்றி, மூலை வளைவும் நீர்த்தடுப்பும் போடுங்கள். பட்டி ஈரத்தில் மாவாகும், எனவே திரும்பப் பூசும்போது சுவரின் கீழ் 4 அடிக்குப் பட்டி போடாமல் சீமெந்துப் பூச்சையே தேய்த்து மட்டமாக்கி, மூச்சுவிடும் நீர்வகைப் பெயின்ட் அடியுங்கள்.

டைலை ஒரு நாணயத்தால் தட்டி, வெற்றுச் சத்தம் வருபவற்றில் குறி போடுங்கள். மூலைகளில் மட்டும் வெற்றாக இருந்தால் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்துப் பதித்திருக்கிறார்கள்; ஆட்டமில்லாதவரை அவை கிடக்கட்டும். நடுவிலும் வெற்றாகி, கிறவுட் பிளந்து வெள்ளையாக உப்பு வந்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது. அவற்றை எடுத்துத் தரையைக் காயவிட்டுப் பதிக்க வேண்டும். அதே நிற டைல் பிறகு கிடைப்பது கடினம். மிச்சப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தீர்களானால் நல்லது.

கேள்வி: எங்கள் கீழ் அறைக்கு நீர்க் குழியும் பம்பும் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடைமழையில் கரண்டும் போகிறதே, அப்போது என்ன செய்வது? நுளம்புப் பிரச்சினையும் பயமாக இருக்கிறது.
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: குழி 2 அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம் போதும். அறையின் தாழ்ந்த மூலையில் வையுங்கள். மிதவைச் சுவிட்ச் உள்ள, தண்ணீருக்குள் அமிழும் அரைக் குதிரைவலுப் பம்ப் ஒன்றும், வெளியேற்றும் பைப்பில் திரும்பவிடாத வால்வும் வேண்டும். வால்வு இல்லையென்றால் பைப்பில் நிற்கும் தண்ணீர் திரும்பிக் குழிக்குள் விழுந்து, பம்ப் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். பைப்பின் வாய் சுவரடியில் முடியாமல் மழைநீர் வடிகானில் முடிய வேண்டும். மலக்குழாயில் சேர்ப்பது தவறு.

மின் இணைப்பில் ஒரு முக்கியமான விடயம். வீட்டுக்கெல்லாம் ஒரே டிரிப் சுவிட்ச் இருந்தால், குசினியில் ஒரு கேத்தல் பழுதானாலே பம்பும் நின்றுவிடும், நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். எனவே பம்புக்கு வீட்டு டிரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரித்து, அதற்கெனத் தனி டிரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு இன்வேட்டரும் பற்றரியும் வைக்கலாம். ஆனால் அரைக் குதிரைவலு மோட்டார் தொடங்கும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல பல மடங்கு கரண்ட் இழுக்கும். வாங்கும்போது மோட்டாரின் தகட்டில் உள்ள அளவைக் காட்டிக் கேளுங்கள், மின்குமிழ்க் கணக்கில் வாங்கினால் இயங்காது. குழி நிறைந்தால் கத்தும் பற்றரி அலாரம் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதையும் போடுங்கள்.

நுளம்புப் பயம் நியாயமானது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வயதுக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை போதும். மிதவை எவ்வளவு தாழ்த்தி வைத்தாலும் குழியின் அடியில் சில அங்குலத் தண்ணீர் மிஞ்சும். ஆகவே மூடி ரப்பர் விளிம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், காற்றுத் துளைக்கு நுளம்பு வலை, கிழமைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றி பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பதும் அடியைத் துடைப்பதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டுக்குள் நுளம்பு பெருக விடுவதும் குற்றம்.

கேள்வி: கீழ் அறையிலேயே சின்ன மலசலகூடமும் கட்டலாமா? வேலையில் எந்தக் கட்டத்தில் அதைச் சேர்ப்பது?
— பம்பலப்பிட்டி வாசகி

பதில்: தரை உடைக்கும் கட்டத்திலேயே, நீர்த்தடுப்புக்கு முன்னால். அதற்கும் முன்னால் வெளி மேன்ஹோல் மூடியைத் திறந்து, உள்ளே ஓடும் பைப்பின் அடிமட்டத்தை அளவெடுங்கள். அது உங்கள் கீழ்த் தரையைவிட உயரமாக இருந்தால், கழிவு தானாக ஓடாது. அரைத்துத் தள்ளும் பம்ப் வேண்டும், கரண்ட் போனால் அதுவும் நிற்கும்.

மட்டம் சரிவந்தாலும், அடைமழையில் நகரக் குழாய் நிறைந்து பின்வாங்கும்போது வீட்டின் மிகத் தாழ்ந்த வாயால்தான் அது மேலே வரும். அதற்குத் திரும்பவிடாத வால்வை கீழ் அறையின் கிளைக்கு மட்டும் போடுங்கள். வீட்டின் பிரதான குழாயில் போட்டால், வால்வு மூடியிருக்கும் நேரம் மாடியில் குளிக்கும் தண்ணீர் போக இடமில்லாமல் உங்கள் கீழ் அறைக்குள்தான் வரும். இத்தனை சிக்கலுக்கு, மேல் தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இடமிருக்குமானால் அங்கே கட்டுவதே எங்கள் ஆலோசனை.

கேள்வி: ஒரேயடியாகச் செய்யக் கையில் காசில்லை. இடையில் நிறுத்தி அடுத்த வருடம் தொடரலாமா? எந்த இடத்தில் நிறுத்தினால் நட்டமில்லை?
— மட்டக்குளி வாசகர்

பதில்: தாராளமாக. நிறுத்தக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, பீலி, வெளிச் சரிவு, வடிகான் வேலை முடிந்த இடம். அது மட்டும் செய்து ஒரு மழைக்காலம் விட்டால், உள்வேலை எவ்வளவு தேவை என்பதே குறைந்துவிடக்கூடும். மற்றது, நீர்த்தடுப்பு இரண்டு பூச்சும் முடிந்த இடம். அதன் மேல் சாமான்களை உரசாமல், அறையைச் சாமான் அறையாக ஒரு வருடம் பாவிக்கலாம்.

நிறுத்தக்கூடாத இடங்களும் உண்டு. தரையை உடைத்து, காண் வெட்டி, குழி கட்டாமல் விட்டால் முதல் மழையிலேயே அறை குளமாகும். பூச்சு உடைத்து, வலையடித்து, பூசாமல் மாதக்கணக்கில் விட்டால் கல்லிலும் வலையிலும் தூசும் உப்பும் படிந்து பூச்சு பிடிக்காது. வெளியே தோண்டிய பள்ளத்தை மூடாமல் விடுவது எல்லாவற்றிலும் ஆபத்து, சுவருக்கும் பிள்ளைகளுக்கும். இந்த மூன்றையும் தொடங்கும் நாளிலேயே முடிப்பதற்கான காசும் ஆட்களும் கையில் இருக்க வேண்டும். சீமெந்தை முன்கூட்டி வாங்கி அந்த ஈர அறைக்குள் அடுக்காதீர்கள். 50 கிலோ மூட்டை அங்கே கட்டிபட்டுவிடும். வேலை நடக்கும் கிழமைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, மேல் தளத்தில், பலகை மேல் வையுங்கள்.